மூன்றாவதாக நிற்கிற நீலச் சட்டைக்காரி

கைறுன்னிஸா அவித்த பிட்டு அன்றும் மூடி போட்டபடியே ஆறிக்கொண்டிருந்தது. அடுத்த வீட்டிலிருந்து தங்கை நஸீபா கொண்டுவந்த இடியப்பத்தைத்தான் மகள் நுஸ்ராவும் மருமகன் றிஸானும் முன்பக்க ஹோலில் இருந்து சாப்பிட்டார்கள். பிட்டில் ஒரு குறையும் இல்லை. அவித்த கையில்தான் குறை. அது அந்த ஒழுங்கையில் இருக்கிற எல்லா வீட்டுக்கும் தெரியும்.

காத்தான்குடியில் வீடு பெண்ணுக்கு. மகளுக்குக் கல்யாணம் என்றால் தாய் வீட்டைக் கொடுத்துவிட்டுப் பின்னால் ஒதுங்க வேண்டியதுதான். அதில் யாருக்கும் மனவருத்தம் கிடையாது. பின்னறையில் படுத்தாலும் விடிந்தால் தாயின் அதிகாரம்தானே நடக்கும்! கைறுன்னிஸாவின் கதை வேறு. புருஷன் ஆதம்பாவா ஓட்டமாவடியில் இன்னொரு குடும்பம் கண்டு போனதும், ஒன்பது வயது நுஸ்ராவைத் தங்கையிடம் விட்டுவிட்டுக் குவைத்துக்குப் போனாள். பதினொரு வருடம் அடுத்தவர் வீட்டைக் கூட்டித் துடைத்துத்தான் இந்த வீட்டை எழுப்பினாள். கல்யாணத்துக்காக வந்து, தான் கட்டிய வீட்டின் முன்னறையில் பன்னிரண்டு இரவு படுத்தாள். பிறகு பின்னறை. இப்போது ஆறு மாதம்.

இந்த ஆறு மாதத்தில் மகள் அவளோடு பேசியதை விரல் விட்டு எண்ணிவிடலாம். "உப்பு எங்க?" "கதவப் பூட்டுங்க." அவ்வளவுதான். நுஸ்ராவுக்கு இது நாலாம் மாதம். அந்தச் செய்தியைக்கூடக் கைறுன்னிஸா மீன்காரனிடம்தான் கேட்டறிந்தாள். பெற்ற தாய்க்கு முன் மீன்காரனுக்குத் தெரிந்திருக்கிறது... என்ன சொல்ல!

அவள் தேநீர்க் கோப்பைகளை மேசையில் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

"நான் திரும்பப் போறன். பின்னேரம் அஸருக்குப் பொறகு வான் வரும்."

றிஸானின் கை இடியப்பத்தில் நின்றது. "என்ன மாமி, திடீரெண்டு?"

"திடீரெண்டு இல்ல மகன். ஏஜென்சிக்குப் பாஸ்போட் குடுத்து ஒரு மாசம்."

நுஸ்ரா தலையைத் தூக்கவில்லை. "போகட்டும். அங்கதானே அவட புள்ள இருக்கு."

"என்ட புள்ள இஞ்சதான் இருக்கு, மக..."

"நஜ்மா இருக்காவே! அவட கை சுகமா எண்டு பாத்திட்டு வாங்க!"

அவள் எழும்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கைறுன்னிஸாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நஜ்மாவின் கைக்கும் இந்தக் கோபத்துக்கும் என்ன சம்பந்தம்?

"இனி என்ன ராத்தா," என்று நஸீபா பாத்திரத்தை மூடினாள். அவளுடைய கண்ணும் கலங்கித்தான் இருந்தது, ஆனால் வாய் அதற்குக் காத்திருக்கவில்லை. "நாப்பத்தாறு வயசில பின்னறைக்குள்ள இருந்து காட்டூன் பாத்தா, மகள் என்னெண்டு மதிப்பா? ஒழுங்கையே சிரிக்கிது!"

ஒழுங்கை சிரித்தது உண்மை. வேலிக்கு மேலால் ஒரு தரம் எட்டிப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்டூன் கதையும் தெரியும். பழைய உலக யுத்தம் முடியவேண்டிய வருடத்தில் முடியாமல், இன்னும் பத்து வருடம் இழுபடுகிறதாம். ஆண்களெல்லாம் தீர்ந்து போக, மந்திரம் தெரிந்த ஐந்து பெண்பிள்ளைகளைப் பிடித்துச் சண்டைக்கு அனுப்புகிறார்களாம். அதுகள் ரிப்பன் கட்டிய குட்டைச் சட்டையோடு வானத்தில் பறந்து இரும்புக் கப்பல்களை விழுத்துகின்றன. ஜப்பான்காரன் செய்த படம். பாகம் பாகமாக வந்துகொண்டே இருக்கிறது. யுத்தம் பார்த்து அலுத்த ஊருக்கு யுத்தம் என்ன புதினம்? சட்டைதான் புதினம்.

கைறுன்னிஸா பின்னறைக்குப் போனாள்.

அடுக்குவதற்கு அதிகம் இருக்கவில்லை. நாலு அபாயா, தொழுகைப் பாய், தலைவலித் தைலம். வாவிப் பக்கத்துக் காற்று யன்னல் சீலையைத் தூக்கித் தூக்கிப் போட்டது. குவைத்திலும் இப்படித்தான் ஒரு சின்ன அறை, சமையலறைக்குப் பின்னால். அங்கே தனிமைக்கு ஒரு நியாயம் இருந்தது... கடல் கடந்து இருக்கிறோம் என்று மனதைத் தேற்றலாம். இங்கே ஒரு சுவர்தான். சுவருக்கு அந்தப் பக்கம் மகள் இருமுவதும் கேட்கிறது, வளையல் சத்தமும் கேட்கிறது. இதற்கு என்ன சமாதானம் சொல்வது?

நண்பகல் லுஹர் தொழுதுவிட்டு, செய்ய ஒன்றும் இல்லாமல், ஃபோனை அரிசி வாளியின் மேல் சாய்த்து வைத்து அந்தப் படத்தைப் போட்டாள். நூறு தடவை பார்த்த பகுதிதான். துணைக்கு ஒரு சத்தம் வேண்டுமே.

முன்னறையில் றிஸான் மனைவியிடம் கெஞ்சிக்கொண்டிருந்தான். "தூரப் பயணம் போற மனுசி. போய் ஒரு ஸலாம் சொல்லிட்டு வாங்க. நாளைக்கு ஒண்டு நடந்தா உங்கட மனசுதான் கிடந்து அடிக்கும்."

மருமகன் என்றால் இப்படி ஒருவன் கிடைக்க வேண்டும்! நுஸ்ரா முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து பின்னறை வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை. ஸலாம் சொல்ல வாயைத் திறந்தவள், அரிசி வாளியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

திரையில் ஒரு வெளிச்சவீட்டின் உச்சி. நீலச் சட்டை போட்ட பிள்ளை ஒன்று, உடைந்த கையை ரிப்பனால் கழுத்தில் கட்டிக்கொண்டு தனியே நிற்கிறது. கீழே படகிலிருந்து இன்னொருத்தி அரபியில் கத்துகிறாள்: "நஜ்மா! நஜ்மா!"

"இத... ஏன் நீங்க பாக்கிறீங்க?"

"சும்மா மக." கைறுன்னிஸா களவு பிடிபட்டவளைப் போல ஃபோனைக் கவிழ்க்கப் போனாள்.

"வைங்க! அவ என்ன பேர் சொல்லிக் கூப்பிடுறா?"

"நஜ்மாவ. இவதானே நஜ்மா. உன்ட ஆள்."

"என்ட ஆளா?"

"நீதானே புள்ள சொன்னாய்! பத்து வயசில... ஃபோன்ல... 'உம்மா, நான் வெள்ளிக்கிழமயில ஒரு படம் பாக்கிறன், அஞ்சு புள்ளயள் யுத்தத்துக்குப் போகுதுகள், மூணாவதா நிக்கிற நீலச் சட்டக்காரியத்தான் எனக்கு விருப்பம்' எண்டு. அங்க டிவியிலயும் அது போச்சிது, அரபியில."

நுஸ்ரா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "இது சயோ, உம்மா! இவட பேர் சயோ!"

"அப்பிடி ஒருத்தி இதில இல்லியே..."

"அரபியில போடக்குள்ள பேர மாத்தியிருக்கானுகள்! எங்களுக்கு ஜப்பான் பாஷையில வந்த... இவ சயோ!"

படத்துக்குப் பாஷை மாற்றுகிறவன் பேரையும் மாற்றுவான் என்று கைறுன்னிஸா எங்கே கண்டாள்! அவள் மகளின் முகத்தையும் ஃபோனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப நஜ்மா எண்டு... நீங்க வேல செஞ்ச அந்த வீட்டுப் புள்ள இல்லியா?" நுஸ்ராவின் குரல் சிறுத்துப் போயிற்று.

"எந்த வீட்டுப் புள்ள? அந்த வீட்டில பொம்புளப் புள்ளயே இல்ல. ரெண்டும் பொடியனுகள். அதுகளுக்கு இந்தப் படத்தக் கண்ணில காட்ட ஏலா. ஆளுக்கு ஒரு தட்டு உருளக்கிழங்கு பொரிச்சுக் குடுத்துத்தான் வெள்ளிக்கிழமயில அர மணித்தியாலம் டிவிய வாங்குவன். அந்த நேரம் நீயும் இஞ்ச இருந்து பாப்பாய்தானே... ஒரு பாயில இருக்கிற மாதிரி இருக்கும் எனக்கு."

நுஸ்ரா அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரு நாள் வொய்ஸ் அனுப்பின நீங்க. 'நஜ்மாட கை உடைஞ்சி போச்சிது மக, எனக்கு ரெண்டு நாளா சோறு இறங்கல்ல' எண்டு... அத நான் ஆசுபத்திரிக் கட்டில்ல கிடந்து கேட்டன். டெங்கு வந்து! எனக்குச் சேலைன் ஏறுது... என்ட உம்மா ஆரோ ஒரு பணக்காரப் புள்ளட கைக்கு அழுகிறா! அதுக்குப் பொறகுதான் நான் பேசுறத்த விட்ட..."

"டெங்கா?" கைறுன்னிஸா எழும்பினாள். "ஆருக்கு டெங்கு? எப்ப?"

"ஏழு வருஷத்துக்கு முதல். உங்களுக்குத் தெரியாதா?"

பதில் பின்வாசலிலிருந்து வந்தது. பயணத்துக்குப் பலகாரம் பொரித்துக்கொண்டு வந்த நஸீபா, எவ்வளவு நேரமாக அங்கே நின்றாளோ! "நான் சொல்லல்ல," என்றாள். "தூரத்தில கிடக்கிற மனுசி... அறிஞ்சி என்ன செய்யப் போறா, துடிச்சிச் சாவாவே எண்டு... நான்தான் மறைச்ச. இந்த நஜ்மாவ அந்த வீட்டுப் புள்ள எண்டு சொன்னதும் நான்தான். நான் அப்பிடித்தான் நினைச்சன், அல்லாஹ் மேல ஆணையா!"

"அதோட விட்டீங்களா சாச்சி? ஒழுங்க முழுக்கச் சொன்னீங்களே!" என்று நுஸ்ரா வெடித்தாள். "ஏழு வருஷம்! உம்மா உம்மா எண்டு கூப்பிட எனக்கு ஆரு இருந்த?"

கைறுன்னிஸாவின் காதில் இதெல்லாம் விழுந்ததாகத் தெரியவில்லை. ஏழு வருடம் பழைய காய்ச்சல் அவளுக்கு இப்போதுதான் சுட்டது.

"எத்தின நாள் மக கிடந்தாய்?"

"ஒம்பது நாள்."

"ரத்தம் கித்தம் வந்திச்சா?"

"மூக்கால... கொஞ்சம்."

"ஆரு பக்கத்தில இருந்த?"

நுஸ்ரா சாச்சியைப் பார்த்தாள்.

"நீயா நஸீபா? ஒம்பது நாளுமா?"

"ஓம் ராத்தா... கதிரயிலதான் படுத்த."

கைறுன்னிஸா தங்கையின் பக்கம் திரும்பினாள். பிறகு கண்ணீர் உடைந்து வந்தது. "அப்ப உன்ன நான் என்னெண்டுகா ஏசுற? என்ட இடத்தில இருந்திருக்காய்... என்ட இடத்தையும் எடுத்திருக்காய். நான் எதுக்கு அழ, எதுக்கு ஏச? சொல்லு பாப்பம்!"

நஸீபா பலகாரத் தட்டோடு தேம்பித் தேம்பி அழுதாள்.

நுஸ்ராதான் மெதுவாகக் கேட்டாள். "அந்தப் பொடியனுகள்... அவங்கள உங்களுக்கு விருப்பமா?"

"விருப்பம்தான். பொய் சொல்ல ஏலா மக. பதினொரு வருஷம் ஊட்டின கை. சின்னவன் நான் வரக்குள்ள என்ட பேக்க ஒளிச்சி வெச்சிட்டான்." அவள் மூக்கைத் துடைத்தாள். "ஆனா அவன் அவங்கட பாஷையில உம்மாவக் கூப்பிடுற மாதிரி 'மாமா'ங்கக்குள்ள எல்லாம் எனக்கு உன்ட சத்தம்தான் கேக்கும். அது அவனுக்குத் தெரியாது, பாவம்."

வாசல் படலையில் வான் ஹோன் அடித்தது. எதிர்வீட்டு மதிலில் இரண்டு தலைகள் முளைத்தன.

கைறுன்னிஸா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பையைத் தேடினாள். பழக்கம் அப்படி! கூப்பிட்டால் போக வேண்டும். அவள் கை பையைத் தொடுமுன் நுஸ்ரா எழும்பி விறுவிறு என்று வீட்டைத் தாண்டி முற்றத்துக்குப் போனாள். தாய் பின்னால் ஓடி வந்தாள்.

வானிலிருந்து இறங்கியவர் ஏஜென்சிக்கு ஆள் சேர்க்கிற முகைதீன்பாவா. "கைறுன்னிஸா எங்க? நேரம் போகுது."

"அவ வரல்ல."

"அதெப்படி? டிக்கெட் போட்டாச்சி. நீங்க ஆரு?"

"மகள்."

எதிர் மதில் மூச்சைப் பிடித்துக்கொண்டது. முகைதீன்பாவா ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"அவட பாஸ்போட்டத் தாங்க," என்று நுஸ்ரா கையை நீட்டினாள். "டிக்கெட் கதைய என்ட மாப்புள்ள வந்து பேசுவார். எனக்கு இது நாலாம் மாசம். எனக்கு என்ட உம்மா வேணும்."

அவர் முணுமுணுத்தபடி பாஸ்போர்ட்டைக் கொடுத்தார். வான் போனது. மதிலில் இருந்த தலைகள் மட்டும் போகவில்லை.

நுஸ்ரா திரும்பினாள். தாயும் மகளும் முற்றத்து மணலில் எதிரெதிரே நின்றார்கள். கட்டிப்பிடிப்பது எப்படி என்று இருவருக்கும் தெரியவில்லை. இந்த வயது மகளை அணைத்துக் கைறுன்னிஸாவுக்குப் பழக்கமில்லை. அவள் விட்டுப்போனது இடுப்பளவுப் பிள்ளையை. கை தானாக அந்த இடுப்பளவு உயரத்துக்குப் போய், அங்கே ஒன்றும் இல்லாமல் நின்றது.

பிறகு மெல்ல மேலே உயர்ந்தது. மகளின் தலையைத் தடவ அவள் குதிக்காலைத் தூக்க வேண்டியிருந்தது.