லென்ஸுக்குள் ஒரு கன்னம்

குளியலறை அலமாரியில் ஐந்து ஃபேஸ்வாஷ் டியூப்கள் நின்றன. ஒன்றுகூடப் பாதி தீரவில்லை.

“ஆறாவதும் வாங்கப் போறியாக்கா?” என்று கேட்டாள் குருவி. பத்து வயது. வீட்டில் சின்னவள் என்பதால் அந்தப் பெயர்.

“உனக்கென்னடி தெரியும்? ஒண்ணையே போட்டா முகத்துக்குப் பழகிடுமாம். வாராவாரம் மாத்தணுமாம். என் கிளாஸ்ல சொன்னாங்க.”

அக்காவின் கன்னமெல்லாம் பருக்கள் சிவந்திருந்தன. பள்ளி நாடகத்தில் அவள்தான் ராணி. நாடகத்துக்கு ஆறு வாரம் இருந்தது.

“நாளைக்கு டீச்சர்கிட்ட சொல்லிடுவேன். வேற யாராவது ராணியா நடிக்கட்டும்.”

குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

அவர்களுடைய அம்மா கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர். குருவி ஓடிப்போய், அம்மா கண்ணில் செருகிக்கொள்ளும் குட்டி லென்ஸை எடுத்து வந்தாள்.

“கன்னத்தைக் காட்டுக்கா.”

“போடி!”

“கடிக்க மாட்டேன். ஒரே ஒரு தடவை.”

அக்கா கன்னத்தை அவள் பக்கம் திருப்பினாள். குருவி லென்ஸைக் கண்ணில் செருகிக்கொண்டு பார்த்தாள்.

அது கன்னமே இல்லை, ஓர் ஊர்! பொன்னிறப் புல்லாகப் பூனைமுடி. வலைபோலக் குறுக்கும் நெடுக்கும் கோடுகள். ஓரிடத்தில் பழைய தோல் செதில் செதிலாக உரிய, அடியிலிருந்து புதுத்தோல் பளபளவென எட்டிப் பார்த்தது.

“அக்கா... எவ்வளவு அழகு!”

“கிண்டல் பண்றியா?”

“சத்தியமா இல்ல. உள்ளே வேலை நடக்குது. பழசு போய்ப் புதுசு வருது. ஆனா பாவம், எரிஞ்சு எரிஞ்சு சிவந்திருக்கு.”

அக்கா தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

“புதுத்தோல் மேல வர ஒரு மாசம்கிட்ட ஆகும்னு எங்க பாடத்துல இருக்கு. நீ வாரத்துக்கு ஒரு புது ஆளை அனுப்பினா, பாவம், அது யாரைத்தான் சமாளிக்கும்?”

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. “சரிங்க டாக்டர். எதை வச்சுக்கட்டும்?”

“எது எரியலை?”

“அந்த வெள்ளை டியூப்.”

மற்ற நான்கையும் குருவி தன் துணி அலமாரிக்குள் போட்டுப் பூட்டினாள். ராணி வேடத்தை விடுவதாக அக்கா டீச்சரிடம் சொல்லவே இல்லை. பத்தாம் நாள் அக்கா சாவி கேட்டாள். “தர மாட்டேன், போ!” என்றாள் குருவி. ஞாயிறுதோறும் லென்ஸோடு வந்து நின்றாள். முதலில் எரிச்சல் போனது. பிறகு சிவப்பு மங்கியது. ஐந்தாவது வாரம் பருக்களும் குறைந்தன. எல்லாம் போய்விடவில்லை. நெற்றியில் இரண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தன.

“இருந்துட்டுப் போகட்டும்,” என்றாள் அக்கா.

நாடகத்தன்று திரை விலகியது. வெளிச்சம் முழுவதும் அவள் முகத்தில் விழுந்தது. அவள் தலையைக் குனியவில்லை.

“அனைவரும் எழுந்து நில்லுங்கள்!” என்று ராணி தன் வீரர்களுக்கு ஆணையிட்டாள்.

பார்வையாளர் வரிசையில் குருவியும் எழுந்து நின்றாள்.