அண்ணனின் மெத்தை நாற்காலி

குடியிருப்போர் சங்கத் தலைவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியபோது, அவருக்கு முன்னால் அவருடைய மூச்சுச் சத்தம் படியேறி வந்தது. பல வருஷமாகப் புகைந்த நுரையீரல் நோய் திடீரென்று முற்றியிருந்தது. தலைவர் ஒப்புக்கொள்வாரா? பார்க்க வந்தவர்களிடம், தாம் சாய்ந்திருந்த நாற்காலியைத் தட்டிக் காட்டினார்.

"என் நெஞ்சு இரும்பு. விசிலடிக்கிறது இதுதான். அண்ணன் காலத்து நாற்காலி, உள்ளே ஸ்பிரிங் செத்துப்போச்சு."

உண்மையில் அதில் செத்துப்போனது அண்ணன். இதே நோய், இதே இரைப்பு.

வந்தவர்கள் பவ்யமாகத் தலையாட்டினார்கள். சங்கத் தேர்தல் நெருங்கியிருந்தது.

மகள் ஸ்டீராய்டு மாத்திரை அட்டையை நீட்டினாள். "காலையில சாப்பிட்டதும் போடணும்ப்பா. நல்லாயிடுச்சேன்னு நடுவுல நிறுத்திடாதீங்க. மறுபடி இழுத்தா தாங்காதுன்னு டாக்டர் சொன்னார்."

"கொடு, நானே போட்டுக்கறேன். நான் என்ன குழந்தையா?"

இரண்டே நாளில் நெஞ்சு லேசானது. கூடவே, அந்த மாத்திரை கிளப்பிவிட்ட ஒரு பசி வந்தது. சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் மறுபடி பசி. தலைவர் பாத்திரத்தை வழித்து நக்குவதை மகள் பார்த்துவிட்டாள். மானம் போயிற்று. மிச்ச மாத்திரைகளை அட்டையோடு நாற்காலி மெத்தையின் கிழிசலுக்குள் செருகிவிட்டார்.

அன்று பகல், கட்டிலில் சாய்ந்து தேர்தல் உரையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

ஈ...ஈ...

தலைவர் வாயை மூடினார். மூச்சையும் அடக்கினார்.

ஈ...ஈ...

நாற்காலியில் யாருமில்லை. மெத்தை மட்டும் மெல்ல உப்பி, மெல்ல அமிழ்ந்தது. அண்ணன் மார்பில் தேய்த்துக்கொள்ளும் தைலத்தின் வாடை அறையில் பரவியது.

"மறுபடி இழுக்குதாப்பா?" என்றாள் மகள், அடுத்த அறையிலிருந்து.

"நா... நாற்காலிம்மா."

முதல் முறையாக அவர் உண்மையைச் சொன்னார். அவள் சிரித்தாள்.

மறுநாள் அவள் வேலைக்குப் போன பிறகு, நாற்காலியின் சத்தம் நின்றது.

அவருடையது தொடங்கியது.

உள்ளே போன மூச்சு வெளியே வர மறுத்தது. மகளைக் கூப்பிடக் குரல் இல்லை. கூப்பிட்டாலும் வீட்டில் ஆள் இல்லை. கட்டிலிலிருந்து சரிந்து, தவழ்ந்து போய்க் கிழிசலுக்குள் கையை விட்டார். அட்டை அகப்பட்டது. விரலால் தடவினார்.

குழிகள் எல்லாம் காலி.

மெத்தை சீராக, சுகமாக மூச்சுவிட்டது. கையை வெளியே இழுத்தார். வரவில்லை. உள்ளே எதுவோ அதைப் பிடித்திருந்தது.

"தம்பி," என்றது நாற்காலி, மிகத் தெளிவாக. "பசிக்குதுடா."