பஞ்சுவை எழுப்பும் சத்தம்

பகல் இரண்டு மணிக்குப் பாகூரில் எல்லாமே பாதித் தூக்கத்தில் இருக்கும். ஏரித் தண்ணீர் அசையாது. கடைத்தெரு நாய்கள் அசையாது. நிஜாமுதீனின் மளிகைக் கடையில் ஷட்டர் பாதி இறங்கியிருக்கும்.

அவர் வீட்டுக்கு எதிரே, புங்கமரத்தடியில் நிற்கும் பழைய டீசல் காருக்கு அடியில் பஞ்சு தூங்கும்.

பஞ்சு ஒரு வெள்ளை வாத்து. போன வருடம் அறுவடை முடிந்த வயல்களில் மேய்ந்துவிட்டு ஒரு வாத்துக்கூட்டம் ஊரைத் தாண்டிப் போனது. ஒரு கால் சரியில்லாத குஞ்சு மட்டும் வரப்பிலேயே நின்றுவிட்டது. நிஜாமுதீனின் மகள் மெஹ்ரீன்தான் அதைப் பள்ளிப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். வழியில் அது போட்ட எச்சத்தின் கறை அவளுடைய கணக்கு நோட்டில் இன்னும் இருக்கிறது.

மூன்று மணிக்கு மெஹ்ரீனின் அத்தா நிஜாமுதீன் சாவியோடு வருவார். பழைய கார் உடனே கிளம்பாது. முதலில் இருமும். அப்புறம் கனைக்கும். அப்புறம் உடம்பெல்லாம் உதறித் தடதடக்கும். அதற்குள் பஞ்சு எழுந்து, காரை ஒரு முறை முறைத்து, காலை இழுத்து இழுத்து வெளியே வந்துவிடும்.

இப்போது அத்தா அந்தக் காரை மாற்றப் போகிறார்.

"எலக்ட்ரிக் வாங்குங்க மச்சான்," என்றார் ஷாரிக் மாமா. அம்மாவின் தம்பி. திருபுவனையில் ஒரு கம்பெனியில் வேலை. "பொகை கிடையாது. ஆயில் மாத்துற வேலை இல்ல. வூட்லயே சார்ஜ் போட்டுக்கலாம். சத்தமே வராது!"

"வூட்லன்னா எங்கடா? காரு நிக்கிறது தெருவுக்கு அந்தப் பக்கம். குறுக்கால ஒயர் இழுத்தா ஆடு கடிக்கும், சைக்கிள் ஏறும். மழையில கரண்டு போனா ரெண்டு நாளைக்கு வராது. எனக்கு ஹைபிரிட்தான் சரி. பெட்ரோல் போட்டா போதும். ஓடுறப்ப பேட்டரி தானா சார்ஜ் ஏத்திக்கும்."

"அப்ப பொகை?"

"பாதிப் பொகைதான் வரும்."

"இன்னா மச்சான், பாதி நோன்பு வெச்சேன்னு சொல்ற மாதிரி இருக்கு!"

அம்மா மெஹர் நிஷா விழுந்து விழுந்து சிரித்தாள். மெஹ்ரீன் சிரிக்கவில்லை. அவள் காதில் இரண்டே சொற்கள்தான் விழுந்திருந்தன. சத்தமே வராது.

அன்று மதியம் பாயில் படுத்தபோது கனவு வந்தது. ஏரியிலிருந்து ஒரு கார் மிதந்து வந்தது. பனி போல வெள்ளை. அல்லிப் பூக்களை ஒதுக்கிக்கொண்டு கரையேறியது. தெருவில் வந்தது. ஒரு சத்தமும் இல்லை. மரத்தடியில் பஞ்சு தூங்கிக்கொண்டிருந்தது. மெஹ்ரீன் கத்தினாள். அவள் குரலுக்கும் சத்தம் இல்லை.

விழித்ததும் அத்தாவிடம் ஓடினாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

அத்தா யோசித்தார். "பஞ்சுவைச் செலியமேட்டுக் கண்ணையன் வூட்ல வுட்டுடலாம்மா. அங்க குட்டை இருக்கு. நாப்பது வாத்து இருக்கு."

"அந்த நாப்பதும் சேர்ந்து இத்த கொத்தும் அத்தா! இதால ஓட முடியாது."

"ஹைபிரிட்ல இன்ஜின் இருக்கில்ல?" என்றாள் அம்மா. "அது சத்தம் போடும். பஞ்சு எழுந்துக்கும்."

மெஹ்ரீனுக்கு உயிர் வந்தது. "அப்ப ஹைபிரிட்டே வாங்குங்க அத்தா!"

"ஒரு வாத்துக்காகக் கட்சி மாறிட்டியாடி?" என்றார் மாமா.

ஞாயிற்றுக்கிழமை, ஓட்டிப் பார்ப்பதற்காக ஷோரூம்காரர் ஒரு ஹைபிரிட் காரைக் கொண்டுவந்தார். மரத்தடியில் நிறுத்தினார். எல்லோரும் உள்ளே டீ குடித்தார்கள். நிழல் வண்டிக்கு அடியில் நகர்ந்தது. பஞ்சுவும் நிழலோடு நகர்ந்தது.

அத்தா ஏறி உட்கார்ந்து பொத்தானை அழுத்தினார். ஒரு விளக்கு எரிந்தது. இருமல் இல்லை, கனைப்பு இல்லை. மெஹ்ரீன் காத்திருந்தாள். இன்ஜின் முழித்துக்கொள்ளும் என்று காத்திருந்தாள்.

கார் ஒரு சாண் நகர்ந்தது.

மெஹ்ரீன் பாய்ந்து பானெட்டை அடித்தாள். டம்! டம்! டம்!

அத்தா பிரேக்கை மிதித்தார். சக்கரத்துக்குப் பக்கத்திலிருந்து பஞ்சு வெளியே வந்தது. கொட்டாவி விடுவதுபோல் அலகைத் திறந்து மூடியது.

"கெளம்பறப்ப பேட்டரியிலதான் சார் போவும்," என்றார் ஷோரூம்காரர். "வேகம் எடுத்தா இன்ஜின் தானா எழுந்துக்கும்."

அப்படித்தான் எழுந்தது. தெருமுனை தாண்டி.

'அங்கே போய் எழுந்து என்ன புண்ணியம்?' என்று நினைத்தாள் மெஹ்ரீன்.

திரும்பி வந்த அத்தாவின் முகம் வாடியிருந்தது. "புது காரு வர பத்து நாள் ஆகும். அதுக்குள்ள கண்ணையன்கிட்ட சொல்லிடறேன். வேற வழியில்லம்மா."

மெஹ்ரீன் அழவில்லை. பஞ்சுவையே பார்த்துக்கொண்டிருந்தாள். எந்தச் சத்தத்துக்கு இது எழுந்தது? இன்ஜினுக்கு இல்லை. அவள் கைக்கு.

மறுநாளிலிருந்து, பள்ளி விட்டு வந்ததும், மரத்தடிக்குத் திரும்பியிருக்கும் பழைய காரை மூன்று முறை தட்டினாள். தட்டிவிட்டுத் தெருவின் இந்தப் பக்கம் வந்து ஒரு கை நொய்யரிசியைத் தரையில் தூவினாள்.

முதல் நாள் பஞ்சு கண்டுகொள்ளவில்லை. நான்காம் நாள் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது. ஏழாம் நாள் மூன்றாவது தட்டு விழுந்ததும் தெருவின் இந்தப் பக்கம் வந்து நின்றது. ஒன்பதாம் நாள் நொய் இல்லாமலே வந்தது. வந்துவிட்டு அவளைத் திட்டியது.

பத்தாம் நாள் புது கார் வந்தது. அன்று எல்லோருக்கும் விடுமுறை. வெள்ளை நிறம். மூன்று மணிக்கு அத்தா சாவியோடு வந்தார். பஞ்சு அடியில் நல்ல தூக்கத்தில் இருந்தது.

"தட்டும்மா, பாக்கலாம்."

"நீங்க தட்டுங்க அத்தா. நான் ஸ்கூலுக்குப் போய்ட்டா யாரு தட்டுவா?"

அத்தா தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். கூச்சத்தோடு விரலால் தட்டினார். பஞ்சு வரவில்லை.

"பாப்பாவுக்குத் தாலாட்டு பாடறாரு," என்றார் மாமா.

"கையை விரிச்சுத் தட்டுங்க அத்தா. தூங்கறவங்கள எழுப்பற மாதிரி."

டம். டம். டம்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு காருக்கு அடியிலிருந்து ஒரு மஞ்சள் அலகு வந்தது. ஒரு வெள்ளைக் கழுத்து வந்தது. பஞ்சு முழுதாக வந்தது. தெருவைக் கடந்து, வாசலில் உட்கார்ந்து, மறுபடி கண்ணை மூடிக்கொண்டது.

அத்தா கண்ணையனிடம் போகவே இல்லை.

அடுத்த மாதம் மாமா எலக்ட்ரிக் கார் வாங்கினார். அவர் கம்பெனியிலேயே சார்ஜ் போட இடம் இருக்கிறது. அவருக்கு அதுதான் சரி. ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவரும் தட்டிவிட்டுத்தான் ஏற வேண்டும். மெஹ்ரீனின் உத்தரவு.

அத்தாவுக்கு அது பழக்கமாகிவிட்டது. எங்கே போனாலும் தட்டுகிறார். வில்லியனூர்க் கடைத்தெருவில் ஒருநாள் ஒரு பழக்கடைக்காரர் சிரித்தார்.

"இன்னா பாய், உள்ள யார்னா இருக்காங்களா?"

அத்தா கையை விரித்து இன்னொரு முறை தட்டினார்.

காருக்கு அடியிலிருந்து ஒரு சாம்பல் பூனை, சோம்பல் முறித்தபடி, மெதுவாக வெளியே வந்தது.