காயாத சாம்பல் நிறம்

அன்று பாயா ரும்புட் ஊரின் சமூக மண்டபத்தில் இருந்தவர்கள்: மலாய் ஆசிரியர் ஒருவர், ஓய்வுபெற்ற சீனப் பல் மருத்துவர், அவர் மனைவி, குருபோங் தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்க்கும் ஹரிதாஸ். கூடவே நாற்பத்தொரு பிளாஸ்டிக் மாதிரி விமானங்கள். அவற்றுக்குள் நகக்கண் அளவில் நாற்பத்தொரு விமானிகள், யாரையும் பார்க்காமல்.

மாதத்தில் ஒரு ஞாயிறு அவர்கள் கூடுவார்கள். கட்டியதைக் காட்டுவார்கள். மிஞ்சிய சாயத்தை மாற்றிக்கொள்வார்கள்.

மழையில் நனைந்தபடி ஓர் இளம்பெண் வந்தாள். ஒரு விமானத்தைக் கூடப் பார்க்கவில்லை. நேராகச் சாய மேசைக்குப் போய், கடைசியாக இருந்த சாம்பல் நிற எனாமல் டப்பாவின் மேல் கை வைத்தாள். அங்கே ஏற்கெனவே ஹரிதாஸின் கை இருந்தது.

"இது நான் எடுத்தது," என்றான்.

"கைதான் வச்சிருக்கீங்க. இன்னும் எடுக்கல லா."

நிமிர்ந்தான். இமை நுனியில் மழைத்துளி... அதற்குப் பின்னால், சரியாகத் தூங்கி நாளான பெரிய கண்கள். ஒரு கணம் எதற்காக வந்தோம் என்பதே அவனுக்கு மறந்துபோனது.

"என்ன பிளேன் செய்யறீங்க?"

"பிளேன்தான். ரெக்கை இருக்கும்ல, அது."

சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை. அவளுடைய கட்டைவிரல் நகத்தோரம் சாம்பல் நிறம் ஒட்டியிருந்தது. டப்பாவை விட்டுக்கொடுத்தான், அந்த விமானத்தைக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு. பெயர் மோகனா என்றாள். அடுத்த ஞாயிறு வரலாம் என்றாள். அப்போதே யோசித்துவிட்டு, வர வேண்டாம் என்றாள். பிறகு முகவரி சொன்னாள், அவன் கைப்பேசி எண்ணையும் வாங்கிக்கொண்டாள்.

செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய கடைசி வரிசை வீடு. மோகனாவின் அம்மா நிர்மலாதேவி தேநீர் கொடுத்தார். இவன் விமானம் கட்டுகிறவன் என்று கேட்டதும் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து ஓர் அறையைத் திறந்தார். மகன் வசந்தனின் அறை. மூன்று வருடத்துக்கு முன் வேலைக்குப் போகும் வழியில், சாலைச் சந்திப்பில் மோட்டார் சைக்கிளோடு லாரியில் மோதி இறந்துபோனவன்.

அலமாரியில் முடிந்த விமானங்கள். மேசையில் முடியாத ஒன்று.

"தொட்டுப் பாருங்க தம்பி."

இறக்கையைத் தொட்டான். விரலில் சாம்பல் நிறம் ஒட்டியது. ஈரம்.

"அவன் போன அன்னிக்குக் காலையில அடிச்சது. இன்னும் காயல." நிர்மலாதேவியின் குரல் சாதாரணமாக இருந்தது. "வெள்ளிக்கிழமை விளக்கேத்திட்டு வந்து தொடுவேன். ஈரமாத்தான் இருக்கும். அவன் இன்னும் வேலை செய்யறான்."

ஹரிதாஸ் விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துப் பார்த்தான். எனாமல், மழைக்காலத்தில்கூட இரண்டு நாளில் காயும். குனிந்து பார்த்தான். தகடுகள் சேரும் கோடுகள் சாயத்துக்குள் மூழ்கிப்போயிருந்தன. இறக்கை பிஸ்கட் கனத்துக்கு வீங்கியிருந்தது. அந்த விமானம்... வளர்ந்துகொண்டிருந்தது.

பிறகு தூரிகைத் தடங்களைப் பார்த்தான்.

வாசலில், கார் கொட்டகையின் கீழ், மோகனாவிடம் நேராகக் கேட்டான். "உங்க அண்ணன் காத்து போற பக்கமா அடிப்பாரு, மூக்கிலேருந்து வாலுக்கு. அலமாரியில எல்லாம் அப்படித்தான் இருக்கு. மேசையில இருக்கிறது குறுக்கால அடிச்சது. நீங்கதானே?"

அம்மாவுக்குக் கேட்கிறதா என்று அவள் வீட்டுப் பக்கம் பார்த்தாள். அண்ணன் போன இரண்டாம் நாள் சாயம் காய ஆரம்பித்தபோது அம்மா சாப்பிடுவதை நிறுத்திவிட்டதாகச் சொன்னாள். அதனால்தான் ஒரு நாள் விட்டு ஒரு நாள், அம்மா குளிக்கும் நேரத்தில், சாமி அறையில் இருக்கும் மாற்றுச் சாவியால் திறந்து ஒரு பூச்சு. மூன்று வருடமாக இரண்டு இரவு சேர்ந்தாற்போல் அவள் வெளியூரில் தங்கியதில்லை. பெண் பார்க்க வந்த இரண்டு வரன்களை அவளே திருப்பி அனுப்பினாள்.

"எவ்வளவு நாளைக்கு?" என்றான்.

"அம்மா இருக்கிற வரைக்கும். உங்களுக்கு என்ன லா வந்துச்சு? டப்பா குடுத்தீங்க, பிளேன் பாத்தீங்க. கிளம்புங்க."

அவனுக்கும் ரோஷம் வந்தது. கிளம்பிவிட்டான்.

வீட்டில் அவனுடைய விமானங்கள் காய்ந்தன. ஒவ்வொன்றாக, ஒழுங்காக, இரண்டே நாளில். அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. கண்ணை மூடினால் அந்த நகத்தோரச் சாம்பல்...

மூன்றாவது வாரம், வெள்ளிக்கிழமை மாலை, மோகனாவிடமிருந்து செய்தி வந்தது: 'நாலு நாளா நான் தொடல. இன்னிக்கு அம்மா பாப்பாங்க. பயமா இருக்கு. வர்றீங்களா?'

மழையோடு போனான். அவள் வாசலிலேயே நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது. கூடத்தில் விளக்கு எரிந்தது. அம்மா கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்தார்.

"ஏன் நிறுத்தினீங்க?"

அவள் மழையைப் பார்த்தாள். "உங்க கூட ஒரு வாரம் எங்கயாச்சும் போகணும்னு ஆசை வந்துச்சு. செர்காம் கடற்கரைக்காச்சும். ஆசை வந்ததும் பிரஷ்ஷைப் பிடிக்க முடியல." குரல் இறங்கியது. "போதுமா? சொல்லிட்டேன்."

"நான் அன்னிக்கு அந்த டப்பாவை விட்டப்பவே..." என்று தொடங்கினான். மீதியை அவன் கண் சொன்னது.

அம்மாவுக்கு முன்னால் பார்த்துவிடலாம் என்று மாற்றுச் சாவியால் அறையைத் திறந்தார்கள். உள்ளே சாயம் கரைக்கும் தின்னர் வாடை. மோகனா ஒரு விரலை நீட்டினாள். உடனே இழுத்துக்கொண்டாள்.

விரல் நுனியில் சாம்பல் நிறம்.

அவள் அவன் கையைப் பிடித்தாள். "சத்தியமா நான் இல்ல, ஹரி."

ஹரிதாஸ் கைப்பேசி வெளிச்சத்தில் குனிந்தான். தூரிகைத் தடங்கள் மூக்கிலிருந்து வாலுக்குப் போகவில்லை. குறுக்காகவும் இல்லை. இறக்கை முழுக்க வட்டம் வட்டமாக, நடுவில் தொடங்கி விளிம்பு வரை... தோசைக்கல்லில் மாவு தேய்ப்பது போல.

பின்னால் காலடி. நிர்மலாதேவி நின்றிருந்தார். வலது கை விரல்களில் சாம்பல் நிறம். மறைக்கவில்லை.

"அவன் கை எனக்குத் தெரியும், உன் கையும் தெரியும்மா," என்றார். "நீ அடிச்ச வரைக்கும் எனக்கு ரெண்டு பிள்ளையும் வீட்டுல இருந்த மாதிரி இருந்துச்சு. அதான் சொல்லல. தப்புதான்."

"அம்மா..."

"செவ்வாய்க்கிழமை காஞ்சு போச்சு. உனக்கு ஆள் வந்துடுச்சுன்னு புரிஞ்சுக்கிட்டேன்." ஹரிதாஸைப் பார்த்தார். "கூட்டிட்டுப் போங்க தம்பி. இனிமே இதை நான் பாத்துக்கிறேன்."

மகளின் கையிலிருந்து மாற்றுச் சாவியை வாங்கிக்கொண்டார். இருவரையும் மெல்ல வெளியே நகர்த்தினார். மேசை முன்னால் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது, டப்பா திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவர் எழுந்து வந்து கதவைச் சாத்தி, உள்ளிருந்து பூட்டிக்கொண்டார்.