ஒளிக்க இடமுள்ள வீடு

வீட்டுக்குள் யாருமில்லை என்றுதான் குணரத்தினம் சொல்லியிருந்தார். பூட்டைத் திறந்து, அறை அறையாகக் காட்டி, ஜன்னல்களை மறுபடி சாத்தி, எல்லோரும் வாசலுக்கு வந்த பிறகு, புஷ்பவதி பழக்கதோஷத்தில் உள்ளே திரும்பி, "அப்ப வாறம்" என்றாள். அடுப்பு அணைந்து கிடந்த குசினிப் பக்கமிருந்து ஒரு பெண்குரல், தொண்டை கட்டினாற்போல, "ஓம், வாங்கோ" என்றது.

குணரத்தினம் பூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவள் கணவன் பாக்கியரத்தினம் குடையை விரித்துக்கொண்டிருந்தான். இரண்டு பேருக்கும் கேட்கவில்லை. அவள் இடுப்பிலிருந்த நாலு வயது மகள் கௌசி மட்டும் குசினியைப் பார்த்துக் கையாட்டினாள். பக்கத்து வீட்டில் யாரோ யாருக்கோ சொன்னதாக்கும் என்று புஷ்பவதி தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். துறைமுகத்தை ஒட்டிய குறுகிய ஒழுங்கைகளில் வீடுகள் அவ்வளவு நெருக்கம். ஒரு வீட்டுப் பிள்ளை தும்மினால் அடுத்த வீட்டில் நூறு வயது என்று சொல்வார்கள்.

அது தொண்ணூறாம் ஆண்டு மாரி. ஆனி மாதம் தம்பலகாமத்து வீட்டை விட்டு உடுத்த துணியோடு ஓடிவந்தவர்கள், பாக்கியரத்தினத்தோடு அரசாங்கக் கச்சேரியில் வேலை செய்யும் இந்தக் குணரத்தினத்தின் விறாந்தையில்தான் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். எத்தனை நாளைக்குத்தான் அடுத்தவர் வீட்டில் பிள்ளையை அதட்டிக்கொண்டிருப்பது? குணரத்தினத்தின் மனைவி முகத்தில் சிரிப்பு குறையத் தொடங்கியதும் வீடு பார்க்கப் புறப்பட்டார்கள்.

குழந்தையோடு ஊர் மாறுகிறவர்கள் பள்ளிக்கூடம் கிட்டவா, கிணற்றுத் தண்ணீர் உவரா என்று கேட்பார்கள். பாக்கியரத்தினமும் அதைத்தான் கேட்டான். புஷ்பவதிக்கு ஒரே கேள்விதான்: அவங்கள் வந்தால் கௌசியை எங்கே ஒளிப்பது? அந்த வருடம் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கதைப்பதில்லை. தோளில் துவக்கோடு வருகிற எல்லோரும் 'அவங்கள்'தான். தம்பலகாமத்தில் அவங்கள் வந்தபோது பிள்ளையை நெஞ்சுக்குக் கீழே போட்டுக்கொண்டு வயற்சேற்றில் குப்புறக் கிடந்தாள். நகரத்தில் வயலுக்கு எங்கே போவது? உவர்மலையில் பார்த்த வீடு அழகுதான். சுற்றிவரக் கண்ணாடி ஜன்னல், கடற்காற்று அள்ளிக்கொண்டு போனது. காற்று வருகிற வழியால் துவக்குச் சன்னமும் வரும் என்று வேண்டாமென்றுவிட்டாள். அடுத்த வீடு காவலரணுக்கு நேர் எதிரே. அதற்குள் அவள் காலே வைக்கவில்லை.

மூன்றாவதுதான் இது. பழைய காலத்துச் சுவர், ஒரு முழம் தடிப்பு. நடு அறைச் சுவரோடு சேர்த்துக் கட்டிய அலுமாரியைத் திறந்து, பின்பலகையைக் குணரத்தினம் கழற்றிக் காட்டினார். பின்னால் இரண்டு சுவர்களுக்கு நடுவே ஒரு இருட்டு இடுக்கு.

"ஒரு தாயும் பிள்ளையும் குந்தியிருக்கலாம், தங்கச்சி."

"ஆர் அண்ணை கட்டினது?"

"முந்தி இருந்த ஆக்கள்."

"அவை இப்ப எங்க?"

"போயிட்டினம்," என்றார் குணரத்தினம்.

அந்த நாளில் ஊரில் பாதிப்பேர் போயிருந்தார்கள். கொழும்புக்கு, கனடாவுக்கு, இந்தியாவுக்கு. அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. ஒளிக்க இடம் கிடைத்த சந்தோசத்தில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

குடிவந்த நாள் முதல் அந்த இடுக்குக்குள் ஒரு வாசம் இருந்தது. குழந்தைப் பவுடரும் வியர்வையும் நாட்பட்ட பாலும் கலந்த, மூடிவைத்த தொட்டில் துணி போன்ற வாசம். எத்தனை தரம் டெட்டோல் போட்டுத் துடைத்தாலும், வெளியே மழைக்காற்றில் துறைமுகத்து எண்ணெயும் அழுகிய பாசியும் எவ்வளவு நாறினாலும், அலுமாரியைத் திறந்த உடனே அது வந்து முகத்தில் ஒட்டிக்கொள்ளும். புஷ்பவதி கௌசியை அதற்குள் இருத்திப் பழக்கினாள். மூச்சுக் காட்டாமல் இருந்தால் கற்கண்டு. முதல் நாள் அழுத பிள்ளை, பிறகு தானாகவே உள்ளே போய் இருக்கத் தொடங்கியது. ஒரு மத்தியானம் வெளியே வந்தபோது இரண்டு கன்னத்திலும் சிவந்த தடிப்புகள்.

"என்ன குஞ்சு இது?"

"நான் சிரிச்சனான். அந்த அம்மா பொத்தினவ."

மூட்டைப்பூச்சி கடித்திருக்கும் என்றான் பாக்கியரத்தினம். ஒரு பக்கம் நாலு தடிப்பு, மறுபக்கம் ஒன்று. மூட்டைப்பூச்சி அப்படிக் கணக்கு வைத்துக் கடிக்குமா? புஷ்பவதி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேரே கிணற்றடிக்குப் போனாள். வேலிக்கு அந்தப் பக்கம் வள்ளிநாயகி துணி அலசிக்கொண்டிருந்தாள். குடிவந்த நாளிலிருந்து முகம் கொடுத்துக் கதைக்காத பக்கத்து வீட்டுக்காரி. பிள்ளையின் கன்னத்தைக் கண்டதும் அவள் கையிலிருந்த துணி நழுவியது.

"உங்களுக்கு ஆரும் சொல்லேல்லையோ? அவங்கள் வந்த அண்டைக்கு இந்த வீட்டில முந்தி இருந்த பெட்டை பிள்ளையோட உள்ளுக்க இருந்தவ. அறைக்குள்ள புருசனை அடிச்சுக்கொண்டு நிண்டவங்கள். பிள்ளை அழப்போகுதெண்டு வாயைப் பொத்தியிருக்கிறா. கனநேரம் பொத்திப்போட்டா, தங்கச்சி. பிள்ளை அசையேல்லை எண்டதும் குளறிக்கொண்டு ஓடி வந்தவ. குசினி வாசலில வச்சு வெட்டினவங்கள்."

வள்ளிநாயகி வேலிக்குக் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"சவம் எடுத்த அண்டைக்கு இந்த ஒழுங்கையே வந்தது. ஒருத்தரும் 'வாறம்' எண்டு சொல்லேல்லை. செத்தவீட்டில அப்பிடிச் சொல்ல மாட்டமே. பேசாமல் எழும்பிப் போனனாங்கள். வீடு பாக்க வந்த அண்டைக்கு நீங்கள் ஏதும் சொன்னனீங்களோ?"

செத்தவீடு என்று தெரியாதே! தெரிந்திருந்தால் வாயைத் திறந்திருப்பாளா? புஷ்பவதி பிள்ளையோடு உள்ளே ஓடினாள். இரண்டு பைகளில் துணியைத் திணித்தாள். கணவன் கச்சேரியால் வந்த உடனே புறப்படுவது. குணரத்தினத்தின் விறாந்தையோ, கோயில் மண்டபமோ, மரத்தடியோ, எங்கேயாவது.

விளக்கு வைக்கும் நேரம் மின்சாரம் நின்றது. மழை கொட்டியது. ஒழுங்கை முனையில் ஒரு வாகனம் வந்து நிற்கும் ஓசை, நாய்களின் குரைப்பு, பிறகு நாய்கள் ஒரேயடியாக ஓய்ந்த அமைதி. வெடிச்சத்தம் கேட்டது. பாக்கியரத்தினம் பின்கதவால் நனைந்தபடி ஓடிவந்தான்.

"வந்திட்டாங்கள்! உள்ளுக்குப் போ, புஷ்பம்!"

"அதுக்குள்ள ஏலாது! ஐயோ, அதுக்குள்ள வேண்டாம்!"

"வேற எங்க போறது? ஒழுங்கை முழுக்க நிக்கிறாங்கள்."

முன்கதவில் முதல் உதை விழுந்தது. அவன் இருவரையும் இடுக்குக்குள் தள்ளிப் பலகையைப் பொருத்தினான். இருட்டு. அந்த வாசம். கௌசி மடியில் நடுங்கினாள்.

கதவு பிளந்தது. சப்பாத்துக் காலடிகள். கண்ணாடி நொறுங்கியது. யாரோ கத்தினான், என்ன பாஷை என்றே புரியவில்லை. பாக்கியரத்தினம், "ஒருத்தருமில்லை, நான் தனிய" என்றான். அடி விழுந்தது. அவனைச் சுவரோடு சாய்த்துத்தான் அடித்தார்கள். அவள் முதுகு சாய்ந்திருந்த அதே சுவர். அவன் தலை மோதுகிற ஒவ்வொரு மோதலும் அவள் பிடரியில் வந்து விழுந்தது. எலும்பு முறிகிற சத்தம் விறகு முறிவது போல்தான் இருந்தது. அவன் குளறினான். பிறகு குளறவும் முடியாமல் கொழகொழவென்று ஏதோ சொன்னான்.

கௌசி விம்மினாள். அப்பா என்று சொல்ல வாயெடுத்தாள்.

புஷ்பவதி பொத்தினாள். மெல்லத்தான். மூக்கை விட்டு, வாயை மட்டும். அதில் அவ்வளவு கவனமாக இருந்தாள்.

அவள் கைக்கு மேலே இன்னொரு கை வந்தது.

ஈரமான கை. குளிர்ந்த கை. அழுத்தியது. பிள்ளையின் மூக்கையும் சேர்த்து அழுத்தியது. காதுக்குள் ஒரு கரகரத்த குரல்.

"சத்தம் போடாதை. இன்னும் போகேல்லை."

அவள் தன் கையை உருவினாள். தோல் உரிய உருவினாள். அந்தக் கை விடவில்லை. விரல்களைப் பிடித்து இழுத்தாள். நகத்தால் கீறினாள். கடித்தாள். பல் எலும்பில் பட்டது. விடவில்லை. கௌசி உதைத்தாள். கத்தினால் அவங்கள். கத்தாவிட்டால் இது. கத்தத்தான் வேண்டும்! வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

கௌசி உதைத்தாள்.

உதைத்தாள்.

பிறகு உதைக்கவில்லை.

வெளியே சப்பாத்துகள் தூரப் போயின. வாகனம் இரைந்து கிளம்பியது. தரையில் எதுவோ இழுபட்டு இழுபட்டு அலுமாரிப் பக்கம் வந்தது.

"புஷ்பம்... போயிட்டாங்கள்..."

பலகை கழன்றது. டோர்ச் வெளிச்சம் உள்ளே விழுந்தது. புஷ்பவதி முதலில் தன் கைகளைத்தான் பார்த்தாள். இரண்டும் நகம் பெயர்ந்து, முழங்காலுக்குப் பக்கத்தில் வெறுமையாகக் கிடந்தன. பிறகு மடியைப் பார்த்தாள். கௌசியின் கண்கள் திறந்தபடி அம்மாவையே பார்த்தன. அந்தக் கண்களுக்குக் கீழே, சுவருக்குள்ளிருந்து முழங்கை வரை நீண்ட ஒரு கை மூக்கையும் வாயையும் இறுக்கிப் பொத்தியிருந்தது. அதன் பெருவிரல் மட்டும், அழுத பிள்ளையை ஆற்றுவதுபோல், கன்னத்தை மெல்ல மெல்லத் தடவிக்கொண்டிருந்தது.