டேய் செய்த வம்பு

வீட்டில் 'வாயாடி' என்று பெயர் வாங்கியவள் அன்று வாயே திறக்கவில்லை. அம்மாவின் மூக்குக்கண்ணாடிக் கடையில், பின்னறையில் உட்கார்ந்து கைப்பேசியையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

'சக வீரரை மிரட்டியதால் உங்கள் கணக்கு முடக்கப்பட்டது.'

மிரட்டலா? இவளா? பல்லியைப் பார்த்தாலே நாற்காலி மேல் ஏறி நிற்கிறவள்!

முந்தின நாள்தான் அவளும் தம்பியும் சேர்த்து வைத்திருந்த காசை எல்லாம் அம்மாவிடம் கொடுத்து, கைப்பேசியில் இருவரும் சேர்ந்து ஆடும் விளையாட்டில் ஒரு படகு வாங்கியிருந்தார்கள். படகு அக்காவின் கணக்கில் இருந்தது. இப்போது கணக்கோடு படகும் போயிற்று. பாதிக் காசு தம்பியுடையது. அதுதான் அவள் மனதை அரித்தது.

"தம்பி, கொஞ்சம் தள்ளி உட்காருப்பா."

குண்டூசி திடுக்கிட்டு நிமிர்ந்தான். ஒல்லியாக இருப்பதால் அவனுக்கு அந்தப் பெயர். அக்கா அவனைத் 'தம்பி' என்று கூப்பிட்டதே கிடையாது.

"எம்மேல கோபமாக்கா?"

"இல்லப்பா."

அவனுக்கு இன்னும் பயம் வந்துவிட்டது.

விளையாட்டு நிறுவனத்துக்குத் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினாள் வாயாடி. 'திருடர்களே! மரியாதையாகப் பணத்தை எடுத்து வையுங்கள்!' அதன் அர்த்தத்தைத் தம்பிக்குச் சொன்னாள்.

"அய்யய்யோ, இதுதாங்க்கா மிரட்டல்!"

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அழித்துவிட்டு, 'நான் யாரிடம் என்ன சொன்னேன்? தயவுசெய்து காட்டுங்கள்' என்று அனுப்பினாள்.

மறுநாள் மாலை பதில் வந்தது. குண்டூசி என்ற வீரருக்கு அவள் அனுப்பியதாக இரண்டு சொற்கள் அதில் இருந்தன. 'டை! டை!' ஆங்கிலத்தில் 'செத்துப் போ! செத்துப் போ!'

ஒரு கண்ணாடிக்குத் திருகாணி மாட்டிக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்தார். "அடிப்பாவி! கூடப் பொறந்தவனையா இப்படிச் சொன்னே?"

"இல்லம்மா! விளையாட்டுல முதலை வந்துச்சு. இவனைக் கூப்பிட 'டேய், டேய்'னுதான் அடிச்சேன்."

ஆங்கில எழுத்தில் மறுபடி அடித்துக் காட்டினாள். டி, ஈ, ஐ. அடித்து முடித்ததுதான் தாமதம், கைப்பேசி முந்திக்கொண்டு அதை டி, ஐ, ஈ என்று மாற்றியது.

"பாரும்மா! நான் கூப்பிடுறேன், இது கொல்லுது!"

சரி, 'டேய்' என்றால் என்ன என்று அவர்களுக்கு எப்படிச் சொல்வது? எழுதி எழுதிப் பார்த்தாள். எதுவும் சரியாக வரவில்லை. திடீரென்று துள்ளி எழுந்தாள்.

"தம்பி, நீ வாசலுக்குப் போ. நான் கூப்பிட்டதும் எப்பவும் போல வா."

ஒலிப்பதிவுப் பொத்தானை அழுத்தினாள். "டேய்! டேய்! சீக்கிரம் வாடா!"

"வரேங்க்கா!" தடதடவென்று காலடிச் சத்தம். கண்ணாடிச் சட்டங்கள் இருந்த தட்டு உருளும் சத்தம். "டேய்! பாத்து வாடா!" என்று அம்மாவின் குரல்.

பதிவோடு இதையும் எழுதி அனுப்பினாள்: 'நான் அடித்தது டேய்; கைப்பேசிதான் அதை டை என்று மாற்றிவிட்டது. ஆபத்து என்றால் தம்பியை இப்படித்தான் கூப்பிடுவோம். அவன் சாக மாட்டான், ஓடி வருவான். கணக்கைத் திறக்க முடியாவிட்டால் படகுப் பணத்தையாவது திருப்பிக் கொடுங்கள். அதில் பாதி அவனுடையது.'

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. 'உங்கள் தம்பி ஓடி வந்ததை இங்கே எல்லோரும் கேட்டுச் சிரித்தோம். விசாரிக்காமல் முடக்கியது எங்கள் தவறு. கணக்கைத் திறந்துவிட்டோம். படகு வேண்டாம் என்றால் பணத்தைத் திருப்பித் தருகிறோம்.'

வாயாடிக்குத் தலைகால் புரியவில்லை. ஆனாலும் தம்பியிடம் கேட்டாள். "படகா, பணமா? நீயே சொல்லு தம்பி."

"படகுதான்! ஆனா அக்கா..."

"என்ன தம்பி?"

"இந்தத் 'தம்பி' வேணாங்க்கா. எப்பப் பாரு திட்டு வாங்கப் போற மாதிரியே இருக்கு."

வாயாடி மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டாள். பிறகு கடையே அதிரும்படி கத்தினாள்.

"டேய்ய்ய்!"

"வரேங்க்கா!" பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த குண்டூசி எழுந்து, வாசல்வரை போய், அங்கிருந்து ஓடி வந்தான்.