எட்டு எலும்புகளும் ஒரு வாத்தும்

எழில்மொழியின் வீட்டில் இரண்டு பேர் டாக்டருக்குப் படித்தார்கள். ஒருத்தி அக்கா செவ்வந்தி. இன்னொருத்தி பட்டெல்லா.

பட்டெல்லா ஒரு வாத்து.

போன தை மாதம்தான் அது வந்து சேர்ந்தது. சம்பா அறுவடை முடிந்தால், எங்கிருந்தோ லாரியில் வாத்துக் கூட்டம் வந்து இறங்கும். வயலில் சிந்திக் கிடக்கும் நெல்லையும் நத்தைகளையும் தின்றுவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடும். அப்படிப் போனபோது, கால் ஒடிந்த குஞ்சு ஒன்று வாய்க்கால் ஓரத்தில் விடுபட்டுப்போனது. செவ்வந்தி தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரியில் முதலாம் ஆண்டு படித்தாள். பேருந்தை விட்டு இறங்கி வரும் வழியில் அந்தக் குஞ்சைப் பார்த்தாள். தன் வெள்ளைக் கோட்டில் சுற்றி வீட்டுக்கு எடுத்து வந்தாள்.

"மனுசங்களுக்கு வைத்தியம் படின்னு அனுப்புனா, நீ வாத்துக்குப் பாக்குறியே!" என்று அம்மா கேலி செய்தார். சொல்லிக்கொண்டே அவர்தான் பழைய கூடையைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

கால்நடை மருத்துவரிடம் போனில் கேட்டுக் கேட்டு, ஐஸ் குச்சியைப் பிளந்து வைத்து அக்கா கட்டுப் போட்டாள். ஐஸைத் தின்றது யார் என்று கேட்கக் கூடாது. எழில்மொழிக்குப் பத்து வயது. உதவி என்று யார் கேட்டாலும் அவள் மறுப்பதே இல்லை.

சில வாரங்களில் கால் கூடிவிட்டது. நம் முழங்காலில் ஒரு சில்லு எலும்பு இருக்கிறதாம். அதன் பெயர் பட்டெல்லா. அதையே அக்கா வாத்துக்கு வைத்தாள். அம்மாவின் வாயில் அது நுழையவில்லை. "பட்டு" என்று சுருக்கிவிட்டார்.

அக்கா உட்கார்ந்து படித்தால் தூங்கிவிடுவாள். அதனால் நடந்துகொண்டேதான் படிப்பாள். வாய்க்கால் கரையில் முன்னால் அக்கா, பின்னால் பட்டு, அதற்கும் பின்னால் எழில்மொழி. எலும்புகளிலேயே பொல்லாதவை மணிக்கட்டில் இருந்தன. மொத்தம் எட்டு. ஒவ்வொன்றும் கொட்டைப்பாக்கு அளவுதான், பெயர் மட்டும் முழ நீளம்.

அக்கா தன் மணிக்கட்டை விரலால் தொட்டுத் தொட்டுச் சொல்வாள். கட்டைவிரல் பக்கம் தொடங்கி ஒரு வரிசை. மறுபடியும் கட்டைவிரல் பக்கம் தொடங்கி இன்னொரு வரிசை.

"ஸ்காஃபாய்டு, லூனேட், ட்ரைகுவிட்ரம், பிசிஃபார்ம்... ட்ரபீசியம், ட்ரபிசாய்டு, கேப்பிடேட், ஹேமேட்!"

எட்டையும் தப்பில்லாமல் சொல்லி முடித்தால் ஒரு பிடி நொய். படித்தது அக்கா, கூலி வாங்கித் தின்றது பட்டு.

"ஏன்க்கா வாத்துக்கிட்டப் போய் ஒப்பிக்கிற?" என்று எழில்மொழி ஒருநாள் கேட்டாள்.

அக்கா சிரிக்கவில்லை. "கிளாஸ்ல எனக்கு நாக்கு ஒட்டிக்குதுடி. மத்தவங்கல்லாம் இங்கிலீஷ்ல படபடன்னு சொல்றாங்க. நான் வாயைத் திறந்தா தப்பா வந்துடுமோன்னு பயமா இருக்கு. பட்டு முன்னாடி எத்தனை தப்பு விட்டாலும் அது சிரிக்காது."

எழில்மொழிக்கு அப்போதே அக்காவைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. கட்டிக்கொண்டாள்.

புரட்டாசி பிறந்ததும் அக்காவுக்குப் பெரிய பரீட்சைகள் வந்தன. பேருந்தில் போய்வந்தால் நேரம் வீணாகும் என்று ஒரு மாதம் விடுதியில் தங்கப் போனாள். விடுதியில் பல்லிக்கு இடம் உண்டு, கரப்பான்பூச்சிக்கு இடம் உண்டு. வாத்துக்கு மட்டும் இடம் இல்லை.

"பட்டு உன் பொறுப்பு," என்று அக்கா சொல்லிவிட்டுப் போனாள். "தினம் சாயங்காலம் ஏழு மணிக்குப் போன் பண்ணுவேன். அது ஒரு சத்தம் கொடுக்கணும். கேட்டாத்தான் எனக்குப் படிப்பு ஓடும்."

அப்படியே நடந்தது. ஏழு மணிக்குப் போன் வரும். எழில்மொழி ஸ்பீக்கரைப் போட்டுக் கூடைக்குப் பக்கத்தில் வைப்பாள். "க்வாக்!" என்று பட்டு சொல்லும். அக்கா படிக்கப் போவாள்.

கடைசிப் பரீட்சை வெள்ளிக்கிழமை. எலும்புகளைக் கையில் கொடுத்து நேருக்கு நேர் கேள்வி கேட்பார்கள். அக்கா மிகவும் பயந்தது அதற்குத்தான்.

வியாழக்கிழமை எழில்மொழி பள்ளி விட்டு வந்தபோது, பக்கத்து வயலில் ஒரே இரைச்சல். குறுவை அறுவடை முடிந்த அந்த வயலில் வாத்துக் கூட்டம் இறங்கியிருந்தது. நீண்ட மூங்கில் கழியுடன் ஒருவர் வரப்பில் நின்றிருந்தார். அவர் பெயர் பக்கிரி என்று பள்ளியிலிருந்து வரும் வழியில் கடையில் கேள்விப்பட்டிருந்தாள்.

எழில்மொழி பட்டைப் பார்த்தாள். பட்டு வேலிக்கு வெளியே கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது.

'பாவம், இங்கே வந்ததிலிருந்து ஒரு வாத்தைக்கூடப் பார்க்காமல் வளர்ந்திருக்கிறது. சொந்தக்காரர்களைப் பார்த்துவிட்டு வரட்டும்.'

அவள் நினைத்தது நல்லதுதான். நொய்யைப் பையில் போட்டுக்கொண்டு, பட்டைத் தூக்கிப்போய் வரப்பில் இறக்கிவிட்டாள். அடுத்த நிமிடம் பட்டு சளக்கென்று சேற்றில் குதித்தது. கூட்டத்துக்குள் புகுந்தது. காணாமல் போனது.

"பட்டு!" என்று எழில்மொழி கத்தினாள்.

ஐந்நூறு கழுத்துகள் நிமிர்ந்தன. ஐந்நூறும் அவளைப் பட்டு மாதிரியே பார்த்தன.

கையில் நொய்யை அள்ளி "பா, பா, பா" என்றாள். அது இன்னும் மோசம். ஐந்நூறும் ஓடிவந்து அவளைச் சூழ்ந்துகொண்டன. பையில் இருந்த நொய் முக்கால்வாசி காலியானது. செருப்பில் ஒன்று சேற்றோடு போயிற்று.

"என்ன பாப்பா, என் வாத்துக்கெல்லாம் விருந்து வைக்கிற?" என்று பக்கிரி வந்தார்.

எழில்மொழி நடந்ததைச் சொன்னாள்.

"அட. அடையாளம் என்ன?"

"பழுப்பு நிறம், மாமா."

பக்கிரி தன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். எல்லாம் பழுப்பு. "ரெண்டு கூட்டம் ஒரே ஊர்ல இறங்குனா இறக்கையில சாயம் வச்சு விடுவோம். இங்க நான் ஒருத்தன்தானேன்னு நான் வைக்கல. நீங்களாவது வச்சிருக்கலாமே?"

"ஊருக்கே ஒரே வாத்து, அதுக்கு எதுக்கு அடையாளம்னு நாங்களும் வைக்கல மாமா."

"கால் ஒடிஞ்சதுன்னு சொன்னியே, நொண்டுமா?"

"நொண்டாது. அக்கா ரொம்ப நல்லா கட்டுப் போட்டுட்டா."

"கொஞ்சம் சுமாரா போட்டிருக்கக் கூடாதா?" என்று பக்கிரி பெருமூச்சு விட்டார். "விடியக்காலம் லாரி வந்துடும் பாப்பா. ஒண்ணு செய். கைக்கு அகப்படுற ஒண்ணைத் தூக்கிக்கிட்டுப் போ. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். உங்க அக்காவுக்குத் தெரியவா போவுது?"

எழில்மொழிக்கு அருகில் அழகான வாத்து ஒன்று நின்றது. உண்மையில் பட்டைவிடக் கொஞ்சம் அழகு. தூக்கிக்கொண்டு போனால் ஏழு மணிக்கு அதுவும் "க்வாக்" என்றுதான் சொல்லும்.

ஆனால் அக்காவின் எத்தனையோ தப்புகளைச் சிரிக்காமல் கேட்டது இந்த வாத்து இல்லை.

"வேணாம் மாமா. எனக்கு எங்க பட்டுதான் வேணும்."

பக்கிரி கழியை அசைத்துக் கூட்டத்தை வலை அடைப்புக்குள் ஓட்டினார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. எழில்மொழி வரப்பில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். பட்டைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. அது எல்லா வாத்துகளையும் போலவே இருக்கிறது. எல்லாவற்றையும் போலவே கத்துகிறது. எல்லாவற்றையும் போலவே நொய் தின்கிறது.

அப்படியானால், மற்ற வாத்துகளுக்குத் தெரியாத ஏதாவது பட்டுக்குத் தெரியுமா?

எழில்மொழி துள்ளி எழுந்தாள்.

"மாமா, ஒரு நிமிசம் எதுவும் பேசாதீங்க!"

வலைக்கு முன்னால் நின்று, அக்காவைப் போலவே இடது கையை நீட்டினாள். கட்டைவிரல் பக்கத்தில் விரலை வைத்தாள்.

"ஸ்காஃபாய்டு... லூனேட்..."

வாத்துகள் இறகைக் கோதிக்கொண்டிருந்தன. ஒன்றும் திரும்பவில்லை.

"ட்ரைகுவிட்ரம்... பிசிஃபார்ம்..."

தூரத்து மூலையில் ஒரு கழுத்து மட்டும் நிமிர்ந்தது.

"ட்ரபீசியம்... ட்ரபிசாய்டு..."

அந்த ஒன்று மற்றவற்றை இடித்துத் தள்ளிக்கொண்டு நடந்து வந்தது.

"என்ன பாப்பா இது, மந்திரமா?" என்று பக்கிரி வாயைப் பிளந்தார்.

"கை எலும்பு மாமா! கேப்பிடேட்..."

அவ்வளவுதான். அடுத்தது வரவில்லை. ஆறு மாதமாகக் காதில் விழுந்த பெயர், இப்போது பார்த்து ஓடி ஒளிந்துகொண்டது. வாத்து பாதி வழியில் நின்றது. தலையைச் சாய்த்தது. பாடம் முடியவில்லையே என்பதுபோல் காத்திருந்தது. பிறகு மெல்லத் திரும்பத் தொடங்கியது.

அக்காவுக்கு மறந்தால் என்ன செய்வாள்? கத்த மாட்டாள். அழ மாட்டாள். மறுபடி முதலிலிருந்து தொடுவாள்.

எழில்மொழி கண்ணை மூடினாள். கட்டைவிரல் பக்கமிருந்து ஒவ்வொன்றாகத் தொட்டாள். ஒரு வரிசை முடிந்தது. அடுத்த வரிசை. ட்ரபீசியம், ட்ரபிசாய்டு, கேப்பிடேட். விரல் நகர்ந்து சுண்டுவிரலுக்கு நேர் கீழே வந்தது.

"ஹேமேட்!"

இறக்கையை அடித்துக்கொண்டு பட்டு ஓடிவந்தது. வலைக்கு மேலே கழுத்தை நீட்டி, அவள் உள்ளங்கையை நறுக்கென்று கொத்தியது. அந்தக் கொத்து எழில்மொழிக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொரு நாளும் வாங்கியதுதான்.

பக்கிரி பட்டைத் தூக்கி அவள் கையில் கொடுத்தார். "நாப்பது வருசமா வாத்து மேய்க்கிறேன். படிச்ச வாத்தை இன்னைக்குத்தான் பாக்குறேன்."

அப்போது வரப்பில் அம்மா போனும் கையுமாக ஓடிவந்தார். "எங்கடி போய்த் தொலைஞ்ச? அக்கா போன் பண்றா பாரு!"

மணி ஏழு. சேறும் கண்ணீருமாக நின்ற மகளையும், அவள் கையில் இருந்த வாத்தையும் பார்த்ததும் அம்மா திட்டுவதை நிறுத்திவிட்டு ஸ்பீக்கரைப் போட்டார்.

"க்வாக்!" என்றது பட்டு. வலைக்குள் இருந்த ஐந்நூறும் கூடவே கத்தின.

"என்னடி, வீட்டுல இவ்ளோ வாத்துச் சத்தம்?" என்றாள் அக்கா.

"வீட்டுல இல்லக்கா, வயல்ல இருக்கோம். நாளைக்குப் பரீட்சை முடியட்டும், பெரிய கதை ஒண்ணு சொல்றேன். பட்டு பத்திரமா இருக்கா."

அக்கா சின்னக் குரலில், "எழில், எனக்கு ரொம்ப பயமா இருக்கு. ஒரு தடவை சொல்லிப் பாக்கட்டா? பட்டு கேக்குமா?" என்றாள்.

"சொல்லுக்கா. கேக்குது."

அக்கா தொடங்கினாள். குரல் முதலில் நடுங்கியது. நாலாவது எலும்பில் தெளிந்தது. ஆறாவதில் ஓடியது. "...ட்ரபிசாய்டு, கேப்பிடேட்..." என்று சொல்லி அப்படியே நின்றுவிட்டது.

அம்மா எழில்மொழியைப் பார்த்தார். பக்கிரியும் பார்த்தார். எழில்மொழிக்கு அந்தப் பெயர் நாக்கு நுனியிலேயே இருந்தது. ஆனாலும் அவள் சொல்லவில்லை. நாளைக்குப் பரீட்சையில் பதில் சொல்லப் போவது அக்கா அல்லவா?

"சுண்டுவிரலுக்குக் கீழ தொடுக்கா," என்றாள்.

ஒரு நொடி.

"ஹேமேட்!" என்று அக்கா கத்தினாள். சிரிப்பும் அழுகையும் கலந்த கத்தல். "ஹேமேட், ஹேமேட்! இனிமே மறக்க மாட்டேன்டி!"

பட்டுக்கு அந்தக் கதையெல்லாம் தெரியாது. பாடம் முடிந்துவிட்டது, கூலி வரவில்லை. அது எழில்மொழியின் கையைக் கொத்தியது. அவள் பையைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறி, ஓரத் தையலில் ஒட்டியிருந்த கடைசி நொய்வரை எடுத்து அதற்குக் கொடுத்தாள்.